ஞாபகம் வைக்கத் தேவையில்லாத பேக்கப்

2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறையைப் பிரித்து, உள்ளேயிருந்து மெல்லிய லேப்டாப் ஒன்றை உருவி எடுத்தார். மறுநாள் எங்கு பார்த்தாலும் அந்த உறையும் மேக்புக் ஏரும்தான். அதே மேடையில் அன்றைய முதல் அறிவிப்பாக அவர் காட்டிய வெள்ளைப் பெட்டியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதன் பெயர் டைம் கேப்சூல். வைஃபை ரவுட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே கூட்டுக்குள். 500 ஜிபி வேண்டுமானால் 299 டாலர், 1 டிபி என்றால் 499 டாலர்.

அந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் சுவாரசியம். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2007 அக்டோபரில், மேக் கணினிகளுக்கு டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி வந்திருந்தது. மணிக்கொரு முறை, மாறிய கோப்புகளை எல்லாம் தானாகவே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த இன்னொரு டிஸ்க்கை லேப்டாப்பில் செருகியிருக்க வேண்டும். சோபாவிலும் கட்டிலிலும் சமையல் மேடையிலும் வைத்துப் புழங்குகிற லேப்டாப்பில் வால் மாதிரி ஒரு டிஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு யார் திரிவார்கள்? முதல் வாரம் செருகுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பிறகு அது அலமாரிக்குள் போய்விடும். டைம் கேப்சூல் அந்த ஞாபகப்படுத்தும் வேலையை மனிதரிடமிருந்து பிடுங்கி ரவுட்டரிடம் கொடுத்தது. லேப்டாப் வீட்டு வைஃபையில் இருக்கிறதா, பேக்கப் நடக்கும். அவ்வளவுதான்.

ஆப்பிள் அந்தப் பெட்டியை 2018 ஏப்ரலில் கைவிட்டது. யோசனை மட்டும் போகவில்லை. இன்றைக்கு அதே ஏற்பாட்டை எந்த வீட்டிலும் செய்துகொள்ளலாம். ரவுட்டரின் பின்பக்கத்தில் யுஎஸ்பி ஓட்டை ஒன்று இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தேவையும் கூடிக்கொண்டுதான் போகிறது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவச இடம் நின்றுபோய், மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்றானது. அதன்பிறகு போன் நிறைந்ததும் படங்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு போனிலிருந்து அழிப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அழித்த நிமிடத்திலிருந்து அந்தப் படங்களுக்கு லேப்டாப் ஒன்றே கதி. ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரம், பிள்ளையின் கல்லூரி புராஜெக்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் அதே இடத்தில்தான் கிடக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையைக் கலைத்தாக வேண்டும். “முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், சி போனாலும் டி இருக்கும்” என்று சொல்லாத வீடு குறைவு. கம்ப்யூட்டர் போட்டுக்கொடுக்கும் கடைக்காரரும் அப்படிச் சொல்லித்தான் பிரித்துக் கொடுத்திருப்பார். விண்டோஸ் கெட்டுப்போய் மறுபடி ஏற்றும்போது அது உண்மைதான். சி அழியும், டி தப்பும். ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க்கே படுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து படுக்கும். வேறொரு டிஸ்க்கில் இன்னொரு நகல் இருந்தால்தான் அதற்குப் பேக்கப் என்று பேர்.

சரி, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ரவுட்டரில் யுஎஸ்பி இருந்தால் செலவு மிகக் குறைவு. வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். டிஸ்க்கைச் செருகிவிட்டு, பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். எந்த எண் என்பது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். உள்ளே யுஎஸ்பி ஸ்டோரேஜ், ஃபைல் ஷேரிங், சாம்பா என்று கம்பெனிக்கொரு பெயரில் ஒரு பக்கம் கிடைக்கும். அதை இயக்கி, ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிட வேண்டும். பக்கத்திலேயே எஃப்டிபி, வெளியிலிருந்து அணுகல் என்று வேறு சில பொத்தான்களும் இருக்கும். அவற்றை அணைத்தே வைப்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

செருகியதும் டிஸ்க்கைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். சீராக முனகினால் சரி. டிக்... டிக்... என்று அடித்து, நின்று, மறுபடி டிக் என்றால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். யுஎஸ்பி 2 துளை தர வேண்டியது 500 மில்லியாம்பியர். யுஎஸ்பி 3 என்றால் 900. சிறிய 2.5 அங்குல டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் அதற்கு மேலேயே கேட்பதுண்டு. லேப்டாப்பில் நன்றாக ஓடிய டிஸ்க் ரவுட்டரில் டிக்கடிப்பது இதனால்தான். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். தனி அடாப்டருடன் வரும் 3.5 அங்குல டிஸ்க்கோ, தனியாக மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப்போ வைத்தால் தீர்ந்துவிடும்.

ரவுட்டரில் துளையில்லாதவர்களுக்கும், இரண்டு மூன்று கணினிகள் உள்ள வீடுகளுக்கும் நாஸ் பெட்டி. சைனாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் செய்வது. அடிப்படையில் அது ஒரு சின்னக் கணினிதான்; திரையும் கீபோர்டும் இல்லை, டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கைவேலையில் ஆசையுள்ளவர்கள் ராஸ்பெர்ரி பையில் இதையே செய்துகொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த அந்தக் குட்டி மின்பலகைக்கு, 2019இல் வந்த நான்காம் பதிப்பில்தான் வேகமான யுஎஸ்பியும் முழு கிகாபிட் வலைத்துளையும் கிடைத்தன. பேக்கப்புக்கு அதற்கு முந்தையது திணறும்.

மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பையே இதற்கு வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம். ஆனால் 60 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கில் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை அது ஒன்றே ஏறக்குறைய தின்று தீர்த்துவிடும். டிஸ்க்கோடு சேர்த்து 8 வாட் எடுக்கும் ராஸ்பெர்ரி பை அதே காலத்தில் 12 யூனிட்டைத் தாண்டாது.

வயர்லெஸ் என்றதும் எல்லாமே காற்றில் என்று நினைத்துவிடக் கூடாது. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் மட்டும்தான் காற்று. டிஸ்க்கோ நாஸ் பெட்டியோ ரவுட்டரோடு கம்பியில் இணைந்திருக்க வேண்டும். அதையும் வைஃபையில் விட்டால் ஒவ்வொரு கோப்பும் ஒரே அலைவரிசையில் இரண்டு தடவை பறக்க வேண்டியிருக்கும், வேகம் பாதியாகிவிடும்.

வேகக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்பது பிற்பாடு வரும் எரிச்சலைக் குறைக்கும். லேப்டாப்பில் 500 ஜிபி இருக்கிறது என்று வைப்போம். படுக்கையறையில், இரண்டு சுவர் தாண்டி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வினாடிக்கு 5 எம்பி போனால் முதல் நகல் முடிய ஏறக்குறைய 28 மணி நேரம். மலிவு ரவுட்டர்களில் உள்ள 100 மெகாபிட் துளையில் கம்பி செருகினால் வினாடிக்கு 11 எம்பி; பன்னிரண்டரை மணி. கிகாபிட் துளையும், ஈடுகொடுக்கும் டிஸ்க்கும் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே முதல் நகலை மட்டும், வயர்லெஸ் என்ற பெருமையை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு, ரவுட்டருக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து லேன் கம்பி வழியாகவே எடுத்துவிட வேண்டும். பல லேப்டாப்களில் இப்போது லேன் துளையே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் ஒன்று சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான், “வைஃபை பேக்கப் எல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று இரண்டாம் நாளே கைவிடுகிறார்கள்.

அடுத்த நாளிலிருந்து கதையே வேறு. மாறியது மட்டும்தான் போகும். மளிகைக் கடைக்காரர் நேற்றைய கணக்கை முழுக்கத் திருப்பி எழுதாமல் இன்றைய வரியை மட்டும் அடியில் சேர்ப்பது போல.

எது மாறியது என்று இரண்டு கணினிகள் எப்படித் தெரிந்துகொள்கின்றன என்பதற்குப் பின்னால் ஆண்ட்ரூ டிரிட்ஜல் என்ற ஆஸ்திரேலியர் இருக்கிறார். 1996இல் பால் மெக்கராஸ் என்பவருடன் சேர்ந்து ஆர்சிங்க் என்ற நிரலை அவர் வெளியிட்டார். கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறிய எண்ணைக் கணக்கிடுவது அதன் வழி. இரு முனைகளும் கோப்பைப் பரிமாறிக்கொள்வதில்லை, எண்களைத்தான் பரிமாறுகின்றன. எண் ஒத்துப்போனால் அந்தத் துண்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஒத்துப்போகாததை மட்டும் அனுப்பினால் போதும். இன்றைக்கும் நாஸ் பெட்டிகளில் ஆர்சிங்க் உண்டு. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசும் எஸ்எம்பி என்ற பாஷையை லினக்ஸ், யூனிக்ஸ் இயந்திரங்களுக்கும் கற்றுக்கொடுத்த சாம்பாவும் அதே டிரிட்ஜலின் கைவண்ணம். கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1991 டிசம்பரில் தொடங்கியது அது. ரவுட்டரின் செட்டிங்ஸில் தட்டுப்படும் ‘சாம்பா’ அவருடையதுதான். ஒரே மனிதரின் இரண்டு பழைய நிரல்கள் இன்று கோடிக்கணக்கான வீடுகளின் ஓரத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெயர் தெரிந்தவர்கள் சொற்பம்.

விண்டோஸில் 2012 முதல் ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ஒளிந்திருக்கும். முதலில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டரில் செருகிய டிஸ்க் தெரியும். பிறகு ஃபைல் ஹிஸ்டரியில் ‘நெட்வொர்க் லொகேஷன்’ என்பதைத் தேர்ந்து அந்த இடத்தைக் காட்டிவிட்டால், மணிக்கொரு முறை பழைய வடிவங்களையும் வைத்துக்கொண்டே நகலெடுக்கும். ஊருக்குப் போயிருக்கும்போது மாறியவற்றை லேப்டாப்பிலேயே சேர்த்து வைத்து, வீடு திரும்பியதும் அனுப்பிவிடும்.

இது எதை விட்டுவிடும் என்பது எதை எடுக்கும் என்பதைவிட முக்கியம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரியான வழக்கமான ஃபோல்டர்களைத்தான் ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுக்கும். நம் ஊரில் பாதி உயிர் இருக்கும் டி டிரைவை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அங்குள்ள ஃபோல்டர்களை விண்டோஸின் லைப்ரரிகளில் நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. வீட்டிலிருந்தபடியே கடைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி: டேலியின் கணக்குக் கோப்புகள் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்கு வெளியே வேறிடத்தில் இருக்கும். டேலிக்குள்ளேயே பேக்கப் வசதி உண்டு. அதன் இலக்காக இந்த நெட்வொர்க் ஃபோல்டரைக் காட்டலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும், விண்டோஸ் அந்த டிஸ்க்கைத் திறக்க மறுப்பது உண்டு. இணைப்பில் கோளாறு என்பது போல ஒரு செய்தி வரும். ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டாலும் மாறாது. பழைய ரவுட்டர்கள் எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் அந்தப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக விலக்கி வருகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு இன்னும் கறாரானது. பாஸ்வேர்டு இல்லாத, கையொப்பம் சரிபார்க்க முடியாத பகிர்வுகளைப் பல கணினிகளில் இயல்பாகவே தள்ளிவிடுகிறது. யூடியூபில் தேடினால் பழைய எஸ்எம்பியை மறுபடி இயக்குவது எப்படி என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கலாம். அதிலும் வழியில்லை என்றால் அந்த ரவுட்டர் இந்த வேலைக்கு லாயக்கில்லை, அவ்வளவே. ஏனென்று கேட்டால் வானாக்ரையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. சுமார் 150 நாடுகள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த வகை நிரல்கள் கணினியோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதில் திறந்திருக்கும் நெட்வொர்க் டிரைவுகளையும் தேடிப் போய்ப் பூட்டும். பேக்கப் டிஸ்க் எப்போதும் இணைந்தே இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம், கண்டமும் அதுவே. கணினியின் கை எட்டுகிற இடமெல்லாம் கணினிக்குள் புகுந்தவனின் கையும் எட்டும்.

இன்னொரு சம்பவம் இதைவிட விசித்திரம். 2021 ஜூன் 23 முதல், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டு நெட்வொர்க் டிஸ்க்கை வைத்திருந்த பலர், பல ஆண்டுப் படங்கள் ஒரே இரவில் காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். டிஸ்க் கெடவில்லை. இணையம் வழியாக யாரோ அதற்கு ‘தொழிற்சாலை நிலைக்குத் திரும்பு’ என்று கட்டளையிட்டிருந்தார்கள். அது கீழ்ப்படிந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. 2015க்குப் பிறகு அந்தப் பெட்டிக்குப் புதுப்பிப்பே வரவில்லை. ஆய்ந்து பார்த்தபோது, துடைப்பதற்கு முன் பாஸ்வேர்டு கேட்கும் வரிகள் நிரலில் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவற்றை இயங்காதபடி முடக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த ஓட்டை அந்தப் பெட்டிகளைக் கொன்றிருக்காது. எங்கிருந்தும் படம் பார்க்கலாம் என்ற வசதிக்காக வெளியுலகுக்குத் திறந்து வைத்ததில் வந்த வினை. ரவுட்டரில் வெளி அணுகலை அணைத்து வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

நாஸ் வாங்குகிறவர்கள் இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வைத்துவிட்டால் கவலை விட்டது என்று நினைப்பார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். தவறுதலாக அழித்த ஃபோல்டரை அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில், வெகு விசுவாசமாக, அழித்துக் கொடுக்கும். பேக்கப்புக்கு உதவுவது நாஸ்களில் உள்ள ஸ்னாப்ஷாட் வசதி. குறிப்பிட்ட நேரத்து நிலையை அப்படியே உறையவைத்து, லேப்டாப்பிலிருந்து மாற்ற முடியாதபடி வைத்திருக்கும். டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா? தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை, நாஸில் மெதுவாகி மூச்சு வாங்கும். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளில் சொல்லாமல் அதை வைத்ததாக 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல்மீது பெரிய சத்தமே எழுந்தது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், நிபந்தனை கடுமை. எஸ்எம்பி வழியாக டைம் மெஷினை ஆதரிக்கும் நாஸ் வேண்டும். ரவுட்டரில் செருகிய எல்லா டிஸ்க்கும் ஆகாது. மேக்கின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்காவது பேக்கப் டிஸ்க்கில் இடம் இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. பேக்கப் பாதியில் இருக்கும்போது மூடியைப் பட்டென்று சாத்திவிட்டு வைஃபை எட்டாத இடத்துக்குக் கிளம்பும் பழக்கமுள்ளவர்களிடம், சில மாதம் கழித்து டைம் மெஷின் வந்து, நம்பகத்தன்மைக்காகப் பேக்கப்பை முதலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும் என்று சொல்லும். பழையது எல்லாம் போய்விடும். வாரத்தில் ஒருநாள் இரவு லேப்டாப்பை சார்ஜரில் போட்டுத் திறந்து வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது டிஸ்க்குக்கு ஆகாத விஷயம். இன்வர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது. பல இன்வர்ட்டர்களில் யுபிஎஸ் மோட், நார்மல் அல்லது ஈகோ மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால், கரன்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டலில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது. நாஸ் அணைந்து எழுந்துவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளி வைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும். ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருந்தால், ரவுட்டரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய டிஸ்க்கும் அதிலேயே தப்பிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை வீடுகளில் தரைத்தளத்தில் ரவுட்டர் என்ன, பீரோவே மிதந்தது. தனி வீடுகளுக்கு மட்டும் வரும் கதையும் அல்ல இது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. பணம் கட்டிப் பேக்கப் வாங்கியிருந்த சில வாடிக்கையாளர்களின் நகலும் அதே வளாகத்தில்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து போனது நீதிமன்றம்வரை சென்றது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ சொல்லிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டளவில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இன்னொரு சின்ன டிஸ்க்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகலெடுத்து, கழற்றி, அக்கா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் போதும். கரன்ட் பில் கட்டும் வாரத்தில் செய்துகொள்ளலாம். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. கிளவுடில் இடம் வாங்கினாலும் சரிதான். ஆனால் 500 ஜிபியை ஏற்றவும், அவசரத்துக்கு இறக்கவும் ஆகும் நேரத்தையும், மாதாமாதம் கட்டும் பணத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கடைசி வேலையைத்தான் அநேகமாக யாரும் செய்வதில்லை: எடுத்து வைத்ததைத் திருப்பி எடுத்துப் பார்ப்பது. மென்பொருளாளர்களின் நிரல்களையே பாதுகாத்துக் கொடுக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு, ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றும் உருப்படியாக இல்லை. தினசரி நகல் பல நாளாகவே எடுக்கப்படாமல் இருந்தது. பழுதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்கள்கூட வந்து சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. இடையில் நடந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள் என்பது தனிக் கதை.

வீட்டில் இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். பேக்கப் எடுத்த கணினியில் பார்க்காமல், வேறொரு லேப்டாப்பிலிருந்து அந்த நெட்வொர்க் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். பழைய படம் ஒன்று, போன வாரம் திருத்திய எக்செல் ஒன்று, ஒரு மணி நேர வீடியோ ஒன்று. மூன்றையும் டெஸ்க்டாப்பில் இறக்கி, வீடியோவை நடுவில் தள்ளி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் இந்தச் சோதனை முதல் படியிலேயே நின்றுவிடும். வேறு கணினியிலிருந்து நுழைந்தால் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கும், செட்டிங்ஸ் செய்த அன்று வைத்த அந்தப் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரவுட்டரின் பாஸ்வேர்டு, டிஸ்க்கின் பாஸ்வேர்டு, மேக் என்றால் பேக்கப்பைப் பூட்டிய பாஸ்வேர்டு, மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரமும் இன்ஷூரன்ஸ் காகிதமும் இருக்கும் ஃபைலில் வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.